வீட்டில் தமிழ், கிளினிக்கில் சிங்களம், டெப்பில் ஆங்கிலம்: ஓட்டிசம் உள்ள பிள்ளையோடு எந்த மொழியில் கதைப்பது?

வெள்ளவத்தை அம்மா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என் மகனுக்கு நான்கு வயது முடியப்போகிறது. ஓட்டிசம் என்று உறுதி செய்து ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. அழவேண்டியதெல்லாம் அழுது முடித்தாயிற்று. இப்போது ஒரே ஒரு விஷயத்தில் முடிவெடுக்க முடியாமல் நிற்கிறேன், அதைக் கேட்கத்தான் வந்தேன்.

வீட்டில் நாங்கள் தமிழ். மாமி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு இருக்கிறார். வைத்தியசாலையில் ஸ்பீச் தெரபி மிஸ் சிங்களம். தங்கமான பிள்ளை, மகனைக் கண்டதும் அவனோடு தரையில் உட்கார்ந்துவிடுவார். ஆனால் தமிழ் தெரியாது. போகிற முன்பள்ளி ஆங்கிலம். டெப்பில் வீடியோ பார்ப்பதும் ஆங்கிலம். மூன்று மொழி காதில் விழுகிறது, வாயில் வருவது கொஞ்சம்தான். நிறங்கள், எண்கள், மிருகங்களின் பெயர் எல்லாம் ஆங்கிலத்தில் சொல்வான். தாகமெடுத்தால் மட்டும் ஃப்ரிட்ஜுக்கு முன்னால் போய் நின்று, என் ராகத்திலேயே, "தண்ணி வேணுமா மகன்?" என்று கேட்பான். அவனுக்குத்தான் தண்ணீர் வேண்டும், ஆனால் என்னைக் கேட்பதுபோல இருக்கும்.

போன தவணை முன்பள்ளியில் கூப்பிட்டுச் சொன்னார்கள்: வீட்டிலும் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள், இப்படியான பிள்ளைகள் இரண்டு மூன்று மொழி கேட்டால் குழம்பிவிடும் என்று. கணவரும் சரி என்றார். நாங்கள் இரண்டு பேரும் எப்படியோ சமாளிக்கிறோம். மாமிக்கு ஆங்கிலம் வராது. தான் கதைத்தால் பேரன் கெட்டுப்போவானோ என்று பயந்து, வாயை மூடிக்கொண்டு சோறு தீத்துகிறார். முந்தி யன்னலடியில் இருத்தி, காகத்துக்கு ஒரு வாய், அணிலுக்கு ஒரு வாய் என்று கதை சொல்லித் தீத்தினவர். இப்போது சாப்பாட்டு நேரத்தில் கரண்டிச் சத்தம் மட்டும்தான் கேட்கிறது.

உங்கள் வீடுகளில் என்ன செய்தீர்கள்? ஒரு மொழியா, இரண்டா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனைத் தாய் எழுதியது:

தங்கச்சி, முதலில் மாமியைக் கதைக்கச் சொல்லுங்கள். இன்றைக்கே சொல்லுங்கள். மற்றதெல்லாம் பிறகு பார்க்கலாம்.

என் மகனுக்குப் பதின்மூன்று வயது. இவனுடைய சின்ன வயதில் எங்களுக்கும் இதையேதான் சொன்னார்கள். எங்கள் வீட்டில் ஆங்கிலம் பேச ஆளில்லை, அதனால் தமிழிலேயே வளர்த்தோம். ஐந்து வயது வரை பேச்சே இல்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு சொல்லாக வந்தது, எல்லாம் தமிழ். இப்போது வேண்டியதைக் கேட்பான், வயிற்று வலி என்றால் எந்த இடத்தில் என்று காட்டிச் சொல்வான், பிடிக்காவிட்டால் "வேணாம், போங்க" என்பான். அந்த "வேணாம்" என்ற சொல்லுக்கு நாங்கள் பட்ட பாடு! அது வருவதற்கு முன்னால் வேண்டாம் என்பதைக் கடித்துத்தான் காட்டுவான், என் கையில் இன்னும் தழும்பு இருக்கிறது.

சிங்களம் தானாக வந்தது. பஸ்ஸில் இறங்கும் இடம் வந்ததும் "பஹினவா" என்று கத்துவான், கண்டக்டர்மார் சிரித்துக்கொண்டே மணி அடிப்பார்கள். யாரும் உட்கார்த்தி வைத்துப் படிப்பிக்கவில்லை. தமிழ் இருந்ததால் சிங்களம் வராமல் போகவில்லை.

செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போவேன். சனமும் சத்தமும் கூடினால் காதைப் பொத்திக்கொள்வான், அப்போது வெளியே வந்துவிடுவோம். மெழுகுதிரி விற்கிறவர்களில் பலருக்கு அவனைத் தெரியும். "வாங்க தம்பி" என்று கூப்பிட்டால் போய்ப் பக்கத்தில் நிற்பான். அவனைச் சுற்றியிருக்கிற மனிதர்கள் பேசுவது தமிழும் சிங்களமும். அவனுக்கு நான் ஆங்கிலம் மட்டும் கொடுத்திருந்தால் இவர்களில் யாரோடு கதைத்திருப்பான்?

தெஹிவளையிலிருந்து எழுதியது:

மேலே எழுதிய அக்காவை மதிக்கிறேன். ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே வழி சரிவராது.

என் மகன் தமிழில் ஒரு சொல்லும் எடுக்கவில்லை. நான் தமிழில் பாடினேன், கதை சொன்னேன், படம் காட்டினேன், திரும்பிப் பார்க்கவே மாட்டான். டெப்பிலிருந்து ஆங்கிலத்தைத் தானாகவே பிடித்தான். முதலில் எழுத்துகள், பிறகு முழு வசனங்கள், அந்த வீடியோவில் வரும் ஆளின் உச்சரிப்போடு. அவன் முதல்முறை எனக்குப் பதில் சொன்னது ஆங்கிலத்தில்தான். பதில் வருகிற மொழியை விட்டுவிட்டு, வராத மொழியில் ஏன் அவனைக் கஷ்டப்படுத்த வேண்டும்? நாங்கள் ஆங்கிலத்துக்கு மாறினோம், அவன் அமைதியானான், நானும் அமைதியானேன். கணவர் வெளிநாட்டில் வேலை செய்கிறார், சரிவந்தால் நாங்களும் போவோம். அங்கே ஆங்கிலம்தான்.

ஊரில் அம்மம்மாவோடு வீடியோ கோலில் பேசும்போது மட்டும் மனது கஷ்டப்படும். அவர் கேட்பார், இவன் ஆங்கிலத்தில் ஏதோ சொல்வான், நான் நடுவில் இருந்து மாற்றிச் சொல்வேன். அது ஒரு இழப்பு, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் பேசுகிறானே. பேசாத பிள்ளையை வைத்திருக்கிற தாய்க்கு இது எவ்வளவு பெரிது என்று உங்களுக்குத் தெரியும்.

ராகமையில் படித்தவள் எழுதியது:

நான் ஸ்பீச் தெரபிஸ்ட், தமிழ்ப் பிள்ளை. பெயர் வேண்டாம். இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருவதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மொழி கேட்டு வளரும் ஓட்டிசப் பிள்ளைகளையும் ஒரு மொழி மட்டும் கேட்டு வளரும் ஓட்டிசப் பிள்ளைகளையும் ஒப்பிட்டுப் பல நாடுகளில் ஆய்வுகள் செய்திருக்கிறார்கள். இரண்டு மொழியால் பேச்சு மேலும் தாமதமாகிறது என்று அவற்றில் காணப்படவில்லை. "குழம்பிவிடும்" என்பது நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் பழைய பயம். முன்பள்ளி மிஸ்மாரைக் கோபிக்காதீர்கள், அவர்களுக்கும் யாரோ அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

ஆங்கிலம் சரளமாக வராத தாய் ஆங்கிலத்துக்கு மாறினால் என்ன நடக்கிறது என்பதைக் கவனித்திருக்கிறேன். "கம்", "சிட்", "ஈட்", "நோ". அவ்வளவுதான் பிள்ளையின் காதில் விழும். தாலாட்டு போய்விடும், செல்லம் போய்விடும், குளிக்க வார்க்கும்போது வாயில் வருகிற சின்னச் சின்னக் கதைகள் போய்விடும். பேச்சு வளர்வது அந்தக் கதைகளில்தான், கட்டளையில் அல்ல. மாமி தீத்தும்போது சொன்ன காகமும் அணிலும் இருக்கிறதே, அதுபோன்ற வேலையைத்தான் வகுப்பறையில் நாங்கள் பொம்மைகளை வைத்துச் செய்யப் பார்க்கிறோம்: ஒரே கதை, ஒரே இடம், ஒரே சொற்கள், அடுத்தது என்ன என்று பிள்ளைக்கே தெரியும்படி.

தெஹிவளைச் சகோதரி சொன்னதும் உண்மை. வீட்டில் யாரும் பேசாத மொழியைத் திரையிலிருந்து எடுத்துக்கொள்ளும் ஓட்டிசப் பிள்ளைகள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொன்னால் ஆங்கிலத்திலேயே ஏற்றுக்கொள்ளுங்கள், "தமிழில் சொல்லு" என்று மறிக்கவேண்டாம். அதற்காக நீங்கள் தமிழை விடவேண்டும் என்றில்லை. அவன் "ரெட் கார்" என்றால் "ஓம், சிவப்புக் கார் ஓடுது" என்று நீங்கள் தொடரலாம்.

இப்போது "தண்ணி வேணுமா மகன்?". கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வது ஓட்டிசத்தில் மிகவும் பொதுவானது. 1943இல் லியோ கானர் என்ற மருத்துவர் ஓட்டிசத்தைப் பற்றி முதன்முதலாக விரிவாக எழுதிய கட்டுரையிலேயே இதைக் குறித்திருக்கிறார்: பிள்ளைகள் தமக்கு வேண்டியதைக் கேட்கும்போது, தம்மிடம் கேட்கப்பட்ட கேள்வியையே திருப்பிச் சொல்கிறார்கள் என்று. உங்கள் மகன் அர்த்தமில்லாமல் சொல்லவில்லை. தண்ணீர் வரும்போது எந்த வசனம் வரும் என்று பிடித்து வைத்திருக்கிறான், இடம் தவறாமல் பாவிக்கிறான். தடுக்காதீர்கள். அவன் ஃப்ரிட்ஜடிக்குப் போகிறபோதே கோப்பையைக் கையில் எடுத்து, அவன் சொல்லவேண்டிய விதத்தில் நீங்கள் சொல்லுங்கள்: "தண்ணி வேணும்." உடனே கொடுத்துவிடுங்கள். "சொல்லு, சொன்னால்தான் தருவேன்" என்று பரீட்சை வைக்காதீர்கள். வீட்டில் எல்லோரும் அதே இரண்டு சொல். கொஞ்சநாள் பிடிக்கும்.

பட அட்டையும் பாவிக்கலாம். கடையில் வாங்கத் தேவையில்லை, அவனுடைய சொந்தக் கோப்பையைப் படமெடுத்து அச்சடித்து, லேமினேட் செய்து ஃப்ரிட்ஜில் அவன் உயரத்துக்கு ஒட்டுங்கள். அட்டை பழகினால் பேச்சு வராது என்று வீடுகளில் பயப்படுகிறார்கள். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. வேண்டியதைக் காட்ட ஒரு வழி கிடைத்த பிள்ளைக்குக் கோபம் குறையும்.

எங்கள் துறையில் தமிழ் தெரிந்தவர்கள் போதாது என்பது உண்மை. களனிப் பல்கலைக்கழகத்தின் ராகமை மருத்துவ பீடத்தில் இதற்குப் பட்டப்படிப்பு இருக்கிறது. உயர்தரம் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் இந்த இழையைப் பார்த்தால் தயவுசெய்து யோசியுங்கள், உங்களுக்காக நிறையத் தாய்மார் காத்திருக்கிறார்கள்.

தெமட்டகொட உம்மா எழுதியது:

அல்ஹம்துலில்லாஹ், இந்தப் பதிலை வாசித்து மனசுக்கு ஆறுதல்.

எனக்கு மகள். ஏழு வயதில்தான் கண்டுபிடித்தார்கள். பெண்பிள்ளை, அமைதி, வெட்கம் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். பொம்மைகளை நிறவாரியாக வரிசையாக அடுக்குவாள், ஒன்றை நகர்த்தினால் அன்றைய நாள் போச்சு. "ஒழுங்கான பிள்ளை" என்று சொந்தக்காரர்கள் பாராட்டினார்கள்! கிளினிக்கில் தரும் அந்தப் பிள்ளை வளர்ச்சிப் பதிவேட்டில் எத்தனை மாதத்தில் என்ன செய்யவேண்டும் என்று இருக்கிறது. சின்னப் பிள்ளை உள்ளவர்கள் அந்தப் பக்கங்களை வாசித்து நிரப்புங்கள், சந்தேகமென்றால் மிட்வைஃப் மிஸ்ஸிடம் கேளுங்கள். "பொறுங்க, ஆம்பிளைப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்" என்பவர்களைக் கேட்காதீர்கள், "பொம்பிளைப் பிள்ளை அப்படித்தான்" என்பவர்களையும் கேட்காதீர்கள்.

மொழிக் கேள்விக்குள் இன்னொன்று ஒளிந்திருப்பதாக எனக்குப் படுகிறது. பிள்ளை பேசவில்லையென்றால் தாயைத்தான் பார்ப்பார்கள். வேலைக்குப் போனதால் என்பார்கள். போகாவிட்டால் போனைக் கொடுத்ததால் என்பார்கள். தமிழ் பேசினால் தமிழால், ஆங்கிலம் பேசினால் ஆங்கிலத்தால். என் கணவருடைய பக்கத்தில் ஒருவர், கர்ப்பமாக இருக்கும்போது நான் அழுததால்தான் என்று முகத்துக்கு நேரே சொன்னார். அன்றைக்கு இரவு முழுக்கத் தூங்கவில்லை.

ராகமைத் தங்கச்சி, நீங்கள் சொன்ன அந்தக் கானர் காலத்திலிருந்தே தாய்மாரைக் குறை சொன்னார்களாமே, உண்மையா?

ராகமையில் படித்தவள் எழுதியது:

உண்மைதான். பெற்றோர் பிள்ளையோடு ஒட்டாமல் இருப்பதாகக் கானரே எழுதினார், பின்னால் புரூனோ பெட்டல்ஹைம் போன்றவர்கள் அதைத் தாயின் அன்பில்லாமை என்ற அளவுக்குக் கொண்டுபோனார்கள். "குளிர்சாதனப் பெட்டித் தாய்" என்று பெயரே வைத்தார்கள். 1964இல் பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர், அவரும் ஓட்டிசம் உள்ள ஒரு மகனின் தகப்பன், இது மூளை வளர்ச்சி சம்பந்தப்பட்டது, வளர்ப்பால் வருவதில்லை என்று வாதாடிப் புத்தகம் எழுதினார். பிறகு வந்த ஆய்வுகளும் அந்தப் பக்கம்தான். மரபணுவின் பங்கு பெரிது என்று இன்று தெரியும். உம்மா, நீங்கள் அழுததால் ஒன்றும் வரவில்லை.

"எங்கள் ஆட்களில் இது இல்லை, வெள்ளைக்காரர் நோய்" என்பவர்களுக்கும் ஒன்று சொல்லலாம். 2009இல் வெளியான இலங்கை ஆய்வு ஒன்றில், 18 முதல் 24 மாதப் பிள்ளைகளைப் பரிசோதித்தபோது ஏறத்தாழ 93 பேருக்கு ஒருவருக்கு ஓட்டிசம் இருந்தது.

மஸ்கெலியாப் பொண்ணு, இப்ப கொழும்பில எழுதியது:

அக்காமாருக்கு வணக்கம். நான் இங்கே ஒரு வீட்டில் வேலை செய்கிறேன், கணவர் கடையில். தனியார் இடங்களுக்குக் கொடுக்கக் காசு இல்லை. மகனைக் காட்டுவது பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில்தான். விடிய எழும்பி நம்பர் எடுத்துப் போவோம். அங்கே என்னை வெளியே நிற்கச் சொல்லாமல் மகனோடு உள்ளே இருக்க விட்டார்கள், அது பெரிய உதவி.

எனக்குச் சிங்களம் நல்லா வரும், ஆனால் மகனோடு தமிழ்தான். நான் செய்வது இதுதான்: மிஸ்ஸிடம் கேட்டுவிட்டு, அவர் மகனோடு விளையாடுவதைப் போனில் வீடியோ எடுப்பேன். என்ன சொல்கிறார் என்பதைவிட எப்படிச் செய்கிறார் என்று பார்ப்பேன். பந்தைக் கொடுக்க முன்னால் எவ்வளவு நேரம் பொறுத்திருக்கிறார், முகத்தை எந்த உயரத்தில் வைத்திருக்கிறார், அவன் திரும்பிப் பார்த்ததும் எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறார். இரவு வீட்டில் அதையே தமிழில் செய்வோம். பந்து இல்லை, மாரி பிஸ்கட். பாதி பாதியாக உடைத்து வைத்துக்கொள்வேன், முழுசாகக் கொடுத்தால் ஒரே தரம்தான் கேட்பான்! பொறுத்திருப்பதுதான் கஷ்டம். நமக்கு உடனே கொடுத்துப் பழக்கம்.

ஊரில் மாமா ஒருத்தர் தடுப்பூசியால்தான் வந்தது, அவனுடைய தங்கச்சிக்குப் போடாதே என்கிறார். போடலாமா?

ராகமையில் படித்தவள் எழுதியது:

கட்டாயம் போடுங்கள். அந்தக் கதை 1998இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்பவர் 12 பிள்ளைகளை வைத்து எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து பரவியது. 2010இல் அதை வெளியிட்ட மருத்துவச் சஞ்சிகையே கட்டுரையைத் திரும்பப் பெற்றது, அவர் மருத்துவப் பதிவிலிருந்தும் நீக்கப்பட்டார். அதன்பிறகு இலட்சக்கணக்கான பிள்ளைகளை வைத்துப் பார்த்தும் தொடர்பு இல்லை.

பிஸ்கட்டைப் பாதியாக உடைக்கும் யோசனையை எல்லோரும் எடுத்துக்கொள்ளுங்கள். நாங்களும் அதைத்தான் சொல்லிக்கொடுப்போம், நீங்கள் பார்த்தே பிடித்துவிட்டீர்கள்.

வெள்ளவத்தை அம்மா எழுதியது:

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. நன்றி.

அன்றைக்கே மாமியிடம் போய்ச் சொன்னேன், நீங்கள் வழமைபோலக் கதையுங்கோ என்று. "டொக்டர் சொன்னதோ?" என்று கேட்டார். ஓம், படித்தவர் சொன்னது என்றேன். கணவருக்கு இன்னும் முழு நம்பிக்கை இல்லை, ஆனால் தடுக்கவில்லை. முன்பள்ளியில் ராகமைத் தங்கச்சி எழுதியதைக் காட்டினேன். ஆங்கிலம் அவர்கள் பக்கத்தில் நடக்கட்டும், வீட்டில் தமிழ் என்று பேசி முடித்தோம். கோப்பைப் படத்தையும் ஒட்டினேன், முதல் நாளே உரித்து மென்றுவிட்டான். இரண்டாவதைத் தடித்த பிளாஸ்டிக்கில் போட்டிருக்கிறேன்.

அடுத்த கவலை பள்ளிக்கூடம். தரம் ஒன்றுக்கு விண்ணப்பிக்கும் காலம் வருகிறது. கொட்டாஞ்சேனை அக்கா, நீங்கள் எப்படிச் செய்தீர்கள்? "இப்படியான பிள்ளையை எடுக்கமாட்டோம்" என்று சொன்னால் என்ன செய்வது?

தெஹிவளையிலிருந்து எழுதியது:

மாமி மீண்டும் கதைக்கிறார் என்றது சந்தோஷம். நான் என் வழியை மாற்றவில்லை, ஆனால் ராகமைத் தங்கச்சி சொன்னபடி அவன் ஆங்கிலத்தில் சொன்னதை நான் தமிழில் தொடர்ந்து பார்க்கிறேன். அவன் கோபப்படவில்லை. அம்மம்மாவுக்காக இது போதும்.

கொட்டாஞ்சேனைத் தாய் எழுதியது:

பள்ளிக்கூடம் பற்றிக் கேட்டீர்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலாவது, மொழிக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது. அரசாங்கப் பாடசாலையில் ஆரம்ப வகுப்புகள் தமிழ் அல்லது சிங்களம்தான். ஆங்கிலம் மட்டும் பழக்கினால் சர்வதேசப் பாடசாலைதான் மிஞ்சும், அங்கே கட்டணத்தோடு, வகுப்பில் பிள்ளைக்குத் துணையாகப் பக்கத்தில் உட்காரும் ஆளுக்கும் நீங்கள்தான் சம்பளம் கொடுக்கவேண்டி வரலாம். அதையும் கணக்கில் எடுத்து முடிவெடுங்கள்.

இரண்டாவது, 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம். குறைபாட்டைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனத்தில் சேர்ப்பதில் பாகுபாடு காட்டக்கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. ஐந்து வயது முதல் பதினாறு வரை படிப்பது நாட்டில் கட்டாயம், நம் பிள்ளைக்கும் சேர்த்துத்தான். எங்களையும் ஒரு பாடசாலையில் வாசலிலேயே திருப்பப் பார்த்தார்கள். சத்தம் போட்டால் வேலை நடக்காது. இந்தச் சட்டத்தின் பெயரையும் இலக்கத்தையும் சொல்லி, எழுத்தில் பதில் தாருங்கள் என்று கேட்டபோது கதை மாறியது. வாயால் "இடமில்லை" என்று சொல்பவர்கள் அதைக் கடிதத்தில் எழுதத் தயங்குவார்கள்.

விசேட கல்விப் பிரிவு உள்ள பாடசாலையா, சாதாரண வகுப்பா என்பதைப் பிள்ளையைப் பார்த்து முடிவெடுங்கள். என் மகன் பிரிவில் தொடங்கினான், சித்திரத்துக்கும் விளையாட்டுக்கும் மற்ற வகுப்போடு சேர்ந்தான். விண்ணப்பிக்க முன்னால் ஒரு சாதாரண நாளில் போய், இடைவேளை மணி அடிக்கும்போது வாசலில் நின்று பாருங்கள். அந்த மணிச் சத்தத்தைப் பிள்ளை தாங்குவானா என்பது வகுப்பறைச் சுவரில் ஒட்டியிருக்கிற படங்களைவிட முக்கியம். எங்கள் அதிபர், மணி அடிக்க முன்னால் இவனை ஒரு பிள்ளையோடு தோட்டப் பக்கம் அனுப்ப ஒழுங்கு செய்தார். கேட்டால்தான் கிடைத்தது.

டொக்டரின் அறிக்கையையும் தெரபி மிஸ்ஸின் கடிதத்தையும் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், கடைசி நேரத்தில் எடுக்கமுடியாது. எல்லாவற்றிலும் பிரதி எடுங்கள். உங்கள் கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம். கையில் கொடுத்துவிட்டு வராமல், உங்கள் பிரதியில் திகதியோடு முத்திரை குத்தி வாங்குங்கள். முத்திரை இல்லையென்றால் பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டைப் பத்திரமாக வையுங்கள். நான் கொடுத்த கடிதம் இன்னும் கோப்பில் இருக்கிறது. பெயர் விபரத்தை மறைத்து இன்றிரவு இங்கே போடுகிறேன், பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.